ஏற்ற வேளையின் தேவனும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு விசுவாசக் குடும்பத்தில் நிச்சயதார்த்தப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சின்ன மண்டபம். நேரம், மாலை ஆறு மணிக்கு மேல் என்று போட்டிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வைத்தால் வெளியூர்க்காரங்க ரயில் பிடிக்க வசதியாக இருக்குமே என்று நான் யதார்த்தமாகத்தான் கேட்டேன். தகப்பனார் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம் என்பது வண்டியில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நம்முடைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு மேலும் போகிறது. அது சுத்தமான ராகு காலம்! இத்தனை வருஷமாக அந்த நேரத்தில்தான் கர்த்தர் வியாதியஸ்தரைச் சுகமாக்கினார், ஆத்துமாக்களை இரட்சித்தார். யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரு காரியம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில், அன்றைக்கு ராத்திரி என் நினைவுக்கு வந்த ஒரு தேவமனிதனைக் குறித்துச் சொல்லட்டும். வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்தபோது ஒரு பக்கத்தில் முடிந்துபோன பெயர் அது. டிப்ளமா வாங்குவதற்கு அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. ஊழியத்துக்குப் போதவில்லை.

தஞ்சை சுவிசேஷக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார். பிறந்தது 1774-ஆம் வருஷம் செப்டம்பர் 7, திருநெல்வேலிச் சீமையில். வேளாளர் குலம். தகப்பனார் கிறிஸ்தவத்துக்கு வந்து தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டவர். தாய் இவருடைய சின்ன வயசிலேயே இறந்துபோனார்.

இந்த இடத்தில் கர்த்தருடைய நேரம் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். தஞ்சாவூரில் மராத்திய பிராமண விதவை ஒருவர் இருந்தார். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் கேட்டார். அந்த வாழ்க்கை முறையாக இல்லை என்று ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் குளோரிந்தா அம்மாள். அந்த அம்மாள் பாளையங்கோட்டையில் குடியிருந்து சாட்சி சொல்லி, 1780-ல் நாற்பது பேருடைய பெயரோடு சபைப் பதிவேடு ஆரம்பமாயிற்று. பிறகு ஒரு சின்ன ஆலயம் கட்டினார். அதைப் பிரதிஷ்டை பண்ண 1785-ல் ஷ்வார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். அந்தக் காலத்தில்தான் பன்னிரண்டு வயதுகூட முழுசாக ஆகாத வேதநாயகம் அவர் கண்ணில் பட்டான். தகப்பனிடம் கேட்டுப் பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு விதவைக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, வருஷங்கள் கழித்துக் கொடுக்கப்பட்டு, அந்த அம்மாள் ஊர் மாறி, ஆலயம் கட்டி, அதற்குப் பிரஷ்ய நாட்டுப் போதகர் வந்து, அங்கே தாயில்லாப் பிள்ளை ஒன்று நிற்கிறது. இதில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் இன்றைக்கு நம் ஆராதனையில் நாம் கைதட்டிப் பாடுகிற பல கீர்த்தனைகள் இல்லை. குளோரிந்தா அம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. அந்த அம்மாள் தனக்கு ஞானஸ்நானம் தாமதமாகிறதே என்றுதான் அழுதிருப்பார்.

தஞ்சாவூரில் வேதநாயகத்துக்கு இன்னொரு சிறுவனுடைய சிநேகம் கிடைத்தது. அவனும் ஷ்வார்ட்ஸ் ஐயரின் நிழலில் வளர்ந்தவன்தான், ஆனால் ராஜா வீட்டுப் பிள்ளை. தஞ்சை மன்னர் துளஜா 1787-ல் மரிக்குமுன் தத்து எடுத்துக்கொண்ட சரபோஜி. சிற்றப்பன் முறையான அமர்சிங் சிங்காசனத்தில் உட்கார்ந்துகொள்ள, இந்தப் பிள்ளைக்கு உயிருக்கே பாதுகாப்பில்லாமல் போயிற்று. ஷ்வார்ட்ஸ் ஐயர்தான் அவனைக் காப்பாற்றிப் படிக்கவைத்து, சென்னப்பட்டணம் வரை அனுப்பிப் பாதுகாத்தார். பதினோரு வருஷம் காத்திருந்து 1798-ல் சரபோஜி அரியணை ஏறினார். அவரை வளர்த்த ஐயர் அதே வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி மரித்துவிட்டார். முடிசூட்டைப் பார்க்கவில்லை! நமக்கு இது அநியாயமாகத் தோன்றுகிறது. நான் கர்த்தராக இருந்திருந்தால் நாலு மாதம் கூட்டிக் கொடுத்திருப்பேன். ஐயருடைய கல்லறைக்கு இந்து மன்னரான சரபோஜியே ஆங்கிலத்தில் கவிதை எழுதினார்.

வேதநாயகத்தை 1789 வாக்கில் தரங்கம்பாடிக்குப் படிக்க அனுப்பினார்கள். வேதசாஸ்திரம் மட்டும் அல்ல. டாக்டர் ஜான் ஐயர், ராட்லர் ஐயர் போன்றவர்கள் செடி, கிளிஞ்சல், மீன் எல்லாம் ஆராய்ந்த மனுஷர். அவர்களிடம் கணிதமும் வானசாஸ்திரமும் கற்றுக்கொண்டார். இருபது வயதை ஒட்டித் தஞ்சாவூரில் உபதேசிமார்களைப் பழக்குவிக்கும் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. மற்ற நேரமெல்லாம் பாட்டு. நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் பாடினார் என்கிறார்கள். ஜெபமாலை ஒன்றே போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1800-ல் அவர் பாடினது பெத்லகேம் குறவஞ்சி.

கல்லூரியில் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு முகம் சுளித்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். குறி சொல்லுகிறது உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அருவருக்கிற காரியம். குறத்தியை எடுத்து இரட்சகர் பிறந்த ஊருக்கு முன்னால் நிறுத்துவதா? இப்போதும் உங்களில் சிலருக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள்.

குறவஞ்சி என்றால் அந்தக் காலத்து ஜனங்களுக்குச் சினிமா மாதிரி. திருநெல்வேலிப் பக்கம் குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டே ஜனங்கள் வளர்ந்தார்கள். தலைவன் உலா வருவான், தலைவி அவனைக் கண்டு ஏங்குவாள், குறத்தி வந்து கையைப் பார்த்து அவன் வருவான் என்று குறி சொல்லுவாள், பிறகு பறவை பிடிக்கிற சிங்கன் வருவான். சாஸ்திரியார் அதே சட்டத்தை எடுத்தார். தலைவன் பெத்லகேமின் நாதர். தலைவி சீயோன் குமாரத்தி, அதாவது சபை. குறத்தி யார் தெரியுமா? விசுவாசம்! அவள் சொல்லுகிற குறி தீர்க்கதரிசனம். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவர்கள் சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள். பறவைகள் ஆத்துமாக்கள். தஞ்சாவூரில் மன்னருடைய பெயரிலேயே ஒரு குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்ட காலம் அது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இவர் வேறொரு ராஜாவுக்குக் குறவஞ்சி பாடினார்.

அந்தப் பாட்டுக்குள்ளே சூரியனைச் சுற்றிக் கோள்கள் சுழலுகிற கணக்கையும் வைத்தார். தரங்கம்பாடிப் படிப்பு வீண்போகவில்லை. ராகுவும் கேதுவும் சூரியனை விழுங்குகிறது என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த நாளில், கோள்கள் எல்லாம் சிருஷ்டிகர் போட்ட பாதையில் ஓடுகிறவை என்று பாட்டாகவே சொல்லிவிட்டார். 1814-ல் சாஸ்திரக் கும்மி என்று இன்னொன்று பாடினார். ஜனங்களுடைய மூடப் பழக்கங்களை எல்லாம் கேலியும் கண்டனமுமாகப் பிடித்து உலுக்குகிற பாட்டு அது. அந்த அப்பாக்காரர் தலைகுனிந்து நின்றபோது என் நினைவுக்கு இவர் வந்ததற்குக் காரணம் அதுதான். இருநூறு வருஷம் ஆகிவிட்டது, நாம் இன்னும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது ஓரக்கண்ணால் நல்ல நேரத்தைப் பார்க்கிறோம்.

நேரம் என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. கலாத்தியர் 4:4-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். காலம் முழுமையடைந்தபோது தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார் என்று பவுல் எழுதுகிறார். மல்கியாவுக்குப் பிறகு ஏறக்குறைய நானூறு வருஷம் தீர்க்கதரிசியின் சத்தம் இல்லை. ஜனங்கள் கர்த்தர் மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். அந்த மௌனத்தில் என்னென்ன நடந்தது? அலெக்சாந்தருடைய படைகள் போன இடமெல்லாம் கிரேக்க பாஷை பரவியது. அலெக்சாந்திரியாவில் பழைய ஏற்பாடு கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. சிதறின யூதர்கள் ஊருக்கு ஊர் ஜெபஆலயம் வைத்தார்கள். ரோமர் ரோடு போட்டார்கள், கடல் கொள்ளையரை அடக்கினார்கள். பவுல் பின்னாலே எந்த ரோட்டில் நடந்தார், எந்தப் பாஷையில் பேசினார், எந்த ஜெபஆலயத்தில் முதலில் நுழைந்தார்? எல்லாம் முன்னாலேயே தயாராகிக் கிடந்தது. மௌனம் என்றால் வேலை நிற்கிறது என்று அர்த்தமில்லை.

மீகா 5:2 பெத்லகேம் என்று சொல்லிவிட்டது. மரியாளோ நாசரேத்தில், நிறைமாதக் கர்ப்பிணி. நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம். யார் கூட்டிக்கொண்டு போவது? ரோமாபுரியில் இருந்த அகுஸ்து இராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான். அவனுக்கு வரி வேண்டும், ஆள் கணக்கு வேண்டும். மீகாவைக் கேள்விப்பட்டவனும் அல்ல. ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நாம் வரிசையில் நின்று அலுத்துக்கொள்ளுகிற மாதிரி யோசேப்பும் அலுத்துக்கொண்டுதான் புறப்பட்டிருப்பார். அந்த அலுப்பான பயணத்தில் தீர்க்கதரிசனம் நிறைவேறிற்று.

தேதியைப் பற்றி நம் ஜனங்கள் என்னிடம் கேட்பதுண்டு. டிசம்பர் 25 வேதத்தில் இல்லை. 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு ரோமப் பஞ்சாங்கத்தில் அந்தத் தேதி இருக்கிறது. ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். கி.பி. 525-ல் டியோனிசியுஸ் என்ற துறவி கணக்குப் போட்டார், சில வருஷம் தவறிவிட்டது. ஏரோது கி.மு. 4-ல் செத்துப்போனான் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்படியானால் ஆண்டவர் அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். மனுஷன் போட்ட கணக்கில் பிழை உண்டு. பிறப்பு பிழையில்லாமல் நடந்தது. ஆகையால் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா கூடாதா என்று சண்டை போடுகிறவர்களோடு நான் உட்காருவதில்லை.

சாஸ்திரியாருக்குத் திரும்புவோம். மன்னர் அவரைப் பெரிய கோயில் தெய்வத்தின்மேல் பாடச்சொன்னதாகவும், இவர் மறுத்து இயேசுவைத் துதிக்கிற கீர்த்தனையைப் பாடினதாகவும் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். சிநேகம் முறியவில்லை. முறியாதது மன்னருக்கும் பெருமைதான்.

அவருக்கு அடி விழுந்தது அரண்மனையிலிருந்து அல்ல, சபையிலிருந்து. 1820-களில் புதுத் தலைமுறை மிஷனெரிமார் வந்தார்கள். ஃபெப்ரீசியுஸ் ஐயருடைய வேதப்புத்தகத்தைத் தள்ளி ரேனியுஸ் ஐயரின் புது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். ஆலயத்தில் தமிழ்ப் பாட்டும் வாத்தியமும் கூடாது என்றார்கள். கலியாணத்தில் பூ மாலை கூடாது என்றார்கள். சாதி சாதியாகத் தனித்தனியே உட்காரக் கூடாது, நற்கருணையில் எல்லாரும் ஒன்றாக வர வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் இந்த நாலையும் ஒன்றாகக் கட்டி, நாலும் கொடுமை என்று எழுதி எதிர்த்தார். 1829-ல் முப்பது வருஷத்து வேலை போயிற்று. ஐம்பத்தைந்து வயது. மன்னர்தான் கைகொடுத்தார். மூன்று வருஷத்தில், 1832-ல், மன்னரும் காலமானார்.

பாட்டு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். தவில், தாளம் இல்லாமல் தமிழன் எப்படி ஆராதிப்பான்? மொழிபெயர்ப்பு விஷயத்தில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நாம் இன்றைக்குக் கையில் வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வந்தது, அவர் மரித்து ஏழு வருஷம் கழித்து. புது மொழிபெயர்ப்பு வந்தால் நாமும் அவர் மாதிரியேதான் சத்தம் போடுகிறோம்.

சாதி விஷயத்தில் அவர் தவறினார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனதில்லை. பெத்லகேமில் முதல் செய்தி யாருக்குப் போயிற்று? ராத்திரியில் வயல்வெளியில் ஆடு காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. அதைப் பாடின அதே வாய், ஒரே பாயில் உட்காருவதற்கு எதிராக வாதாடிற்று. அவர் நாளில் எல்லாரும் அப்படித்தான் என்று சிலர் சொல்லுவார்கள். எல்லாரும் அல்ல. ஆலயத்துக்குள்ளே வேறே இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர்களும் அதே நாளில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் காலம் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் குடும்பத்துக் காரியம். அந்தப் பெண்ணுக்கு நிச்சயமாவதற்கு இரண்டு வருஷம் முன்பே நம்முடைய தம்பி ஒருவர் முறைப்படி என் மூலமாகக் கேட்டார். இரட்சிக்கப்பட்டவர், அபிஷேகம் பெற்றவர், ஆவடியில் நிலையான வேலை. பெண்ணுக்கும் சம்மதம். சாதி வேறு. தகப்பனார் ஜெபித்துச் சொல்கிறேன் என்றார். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது தேவனுடைய வேளை இன்னும் வரவில்லை என்றார். மறுபடியும் அதே பதில். நானும் போய் அந்தத் தம்பியிடம், கர்த்தருடைய நேரத்துக்குக் காத்திருங்கள் என்று சிமியோனையும் அன்னாளையும் காட்டிப் பிரசங்கம் பண்ணினேன். பிறகு சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. பதினைந்தே நாளில் தேவனுடைய வேளை வந்துவிட்டது! அந்தப் பத்திரிகைதான் என் கைக்கு வந்தது, ராகு காலம் கழித்து நேரம் போட்டு.

தகப்பனாரை மட்டும் நான் குறை சொல்ல முடியாது. காரணம் என்ன என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டே, தேவனுடைய பெயரை நான் வாய்தா வாங்க உபயோகித்தேன். குடும்பம் சபையை விட்டுப் போய்விடுமோ, தசமபாகம் குறையுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. ஷ்வார்ட்ஸ் ஐயர் குளோரிந்தா அம்மாளைக் காத்திருக்கச் சொன்னபோது காரணத்தை முகத்துக்கு நேரே சொன்னார். நான் சொல்லவில்லை.

சாஸ்திரியார் வேலை போன பிறகும் முப்பத்தைந்து வருஷம் இருந்தார். ஊர் ஊராய்ப் போய்ப் பாடினார். அவருடைய வம்சத்தார் இன்றைக்கும் சாஸ்திரியார் என்ற பட்டத்தோடு அந்தப் பாடல்களைப் பாடி ஊழியம் செய்கிறார்கள். அவர் பெந்தெகொஸ்தேகாரர் இல்லையே, அவரைப் பற்றி நம் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1860-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் 1906-ல் அக்கினி விழுவதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்பே, திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் அவர்களுடைய ஊழியத்தில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் பாவ அறிக்கையுமாக எழுப்புதல் உண்டாயிற்று. அந்த அருளப்பன் யாரிடம் படித்தவர்? சாஸ்திரியார் எதிர்த்த அதே ரேனியுஸ் ஐயரிடம். சாஸ்திரியார் அப்போது எண்பத்தைந்து வயதுக் கிழவராகத் தஞ்சாவூரில் உயிரோடிருந்தார். தான் பிறந்த மண்ணில் விழுந்தது அந்த மழை. 1864 ஜனவரி 24-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இதை எழுதி முடித்துவிட்டு, அச்சுக்குக் கொடுக்குமுன் போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டாபிராம் போனேன். தம்பி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவருடைய அம்மா நாற்காலி போட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு நான் அவரிடம் சொன்னது பொய் என்றும், காரணம் எனக்கு அப்போதே தெரியும் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தனக்கும் அப்போதே தெரியும் என்றார். அம்மா காபி கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு ஜெபம் பண்ண எழுந்தபோது, இந்தத் தடவை தானே ஜெபிக்கிறேன் என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டார். நான் கண்ணை மூடி நின்றேன்.